உள்ளே டிஸ்க் இல்லை

சிவகாசியில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடையில் 2004 முதல் 2008 வரை கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டடி அறை. கீழே தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ். காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால், எங்கள் மேஜையில் கழற்றி வைத்த ஸ்குரூக்கள் தாமாக ஊர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கும். டிப்ளமோ முடித்துவிட்டுத் தெருவை அளந்துகொண்டிருந்தவனை அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அங்கே கொண்டுபோய் விட்டார். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், விசிடி பிளேயர் என்று ஒவ்வொன்றோடும் அதன் கடைசிக் காலம்வரை இருந்துவிட்டு அடுத்ததற்கு மாறியவர். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் திரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வரவில்லை. காதைத்தான் கொடுப்பார். மெஷினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி நிற்பார்.

எங்கள் கடைக்கு அதிகமும் வந்தது சிடி டிரைவ்தான். 'சிடி எடுக்க மாட்டேங்குது' என்பதுதான் எல்லாரும் சொல்லும் வாசகம். டிரைவ் டிஸ்க்கைப் படிக்காவிட்டாலும் எடுக்கலை, தட்டு வெளியே வராவிட்டாலும் எடுக்கலை, படம் நடுவில் நின்று நின்று ஓடினாலும் எடுக்கலை. எந்த 'எடுக்கலை' என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அப்போதெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி. டிஸ்க்கை வைத்து, தட்டை உள்ளே தள்ளி, 'இ' என்று போட்டிருக்கும் படத்தைக் கிளிக் செய்தால், சில நொடி யோசித்துவிட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். 'ப்ளீஸ் இன்ஸர்ட் எ டிஸ்க்.' தயவுசெய்து டிஸ்க்கைப் போடவும். போட்டவருக்கு எப்படி இருக்கும்? ஒரு பாத்திரக்கடைக்காரர் எங்கள் முன்னாலேயே அந்தப் பெட்டியோடு சண்டை போட்டார். "உள்ளதான வச்சிருக்கேன்! என் கண்ணு முன்னாடி வச்சேன், இல்லைங்குதே!" அண்ணாச்சி சிரித்தார். "அதுக்குத் தெரியலைன்னு சொல்லத் தெரியாது, முதலாளி. இல்லைன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும்."

அன்று அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி ஒரு பழைய டிரைவின் மூடியைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, என்னை எதிரே உட்கார வைத்தார். மேல்மூடியில்தான் டிஸ்க்கைப் பிடிக்கும் காந்த வில்லை இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டதால் அந்த வில்லையைத் தனியே எடுத்து டிஸ்க்கின் நடுவில் வைத்தார். "கண்ணைக் கிட்டக் கொண்டு போகாத. கேளு, அது போதும்." சிடிக்கான லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு, எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே ஆபத்து.

கேட்டேன். முதலில் ஒரு 'க்ர்ர்'. லென்ஸைச் சுமக்கும் வண்டி டிஸ்க்கின் நடுப்பக்கம் நகர்ந்து ஒரு சுவிட்சில் முட்டி நிற்கிறது. சிடியில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகும், கொசுவர்த்திச் சுருள் மாதிரி. அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். சிவகாசியிலிருந்து திருத்தங்கலுக்குப் போய்விடலாம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பொருளடக்கம் நடுவில், முதல் சுற்றுகளில் இருக்கிறது. அதனால் எந்த டிரைவும் முதலில் நடுவுக்குத்தான் போகும்.

அடுத்து 'டிக், டிக்.' லென்ஸ் மேலும் கீழும் எம்பிப் பார்க்கிறது. பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்தி எழுத்து தெளிகிற இடத்தைத் தேடுகிற வெள்ளெழுத்துக்காரர் செய்கிற அதே காரியம். ஒளி சரியாகத் திரும்பி வருகிற உயரம் கிடைத்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று சுற்று சீராக ஏறும். பிறகு பொருளடக்கத்தைப் படிக்கும். அதன் பிறகுதான் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும்.

"எந்த எடத்துல நிக்குதுன்னு காதால பிடி," என்றார் அண்ணாச்சி. டிக் டிக்கோடு நின்று, சுற்றே ஏறாமல் போனால், லென்ஸில் தூசி, அல்லது லேசர் தளர்ந்துவிட்டது, அல்லது டிஸ்க்கைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். (தலைகீழாக வைத்தவர்கள் கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒரு கம்ப்யூட்டர் வாத்தியாரும் உண்டு.) சுற்று ஏறி, தணிந்து, மறுபடி ஏறி, மறுபடி தணிந்தால், வெளிச்சம் கிடைக்கிறது, பொருளடக்கம் பிடிபடவில்லை. டிஸ்க்கில் நடுப்பக்கக் கீறலைப் பார். ஒழுங்காக ஏறி ஓடிக்கொண்டே இருந்து, திரையில் மட்டும் ஒன்றும் வராவிட்டால் கேபிளையும் விண்டோஸையும் பார், டிரைவைத் தொடாதே.

ஐந்து நிமிடப் பாடம். பிறகு நான்கு வருடம் அதை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

டிஸ்க்கைப் பற்றியும் அவரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. கீழே பளபளக்கிற பக்கம்தான் உயிர், படம் ஒட்டிய பக்கம் வெறும் மேல்பூச்சு என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் சிடியின் 1.2 மில்லிமீட்டர் கனத்தில் எழுத்து இருக்கிற அடுக்கு, பெயர் எழுதியிருக்கும் மேல்பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே அரக்குப் பூச்சு மட்டும்தான் காவல். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், மேல்பக்கம் உரிந்தால் எழுத்தே உரிந்து வந்துவிடும். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் கையை விரித்துவிடுவார். துடைப்பதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத்தான், வட்டமாக அல்ல. சுருளின் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக எழுத்து போய்விடும். குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் தாண்டிவிடும். தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தால்கூடக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு சிடியில் உண்டு. வருகிறவர்களோ டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், ஒரு முறை விபூதி என்று எல்லாம் தடவிக்கொண்டு வருவார்கள். டூத்பேஸ்ட்டில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, நுண்ணிய உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்யும். விபூதி போட்ட டிஸ்க்கும் அன்று எடுத்தது. காரணத்தை அண்ணாச்சி ஆராயவில்லை. "எடுத்துட்டுல்ல, விடு."

மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் மூன்று டிஸ்க். ஒன்று, கம்பெனியில் அச்சாகி வந்த முருகன் பாட்டு சிடி. இரண்டு, நாங்களே எழுதிய சிடி-ஆர். மூன்று, அழித்து அழித்து எழுதுகிற சிடி-ஆர்டபிள்யூ. அதன் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல மங்கலாக இருக்கும். எந்த டிரைவ் வந்தாலும் மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது கடைச் சட்டம். பாட்டு சிடி எடுத்துவிட்டால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம், இன்னும் இரண்டு எதற்கு என்று எனக்குத் தோன்றும். வேலை நெருக்கும்போது முதல் டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்வேன்.

2005 ஆடி மாதம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தின வாரங்களில் பிரஸ்காரர்கள் தூங்குவதில்லை. ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த டிசைன் சிடி எடுக்கவில்லை, காலையில் பிளேட் போட்டாக வேண்டும். அண்ணாச்சி டிவிஎஸ் 50-ஐ எடுத்தார். கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால்.

கம்ப்யூட்டர் அறைக்கும் மெஷின் ஹாலுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி மட்டும். அறையில் எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளையாக ஒட்டியது. ஆஃப்செட்டில் ஒரு தாள் மேல் அடுத்த தாள் விழும்போது ஈர மை பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடையில் நைஸ் மாவாக ஒரு பவுடர் தூவுவார்கள். பெரும்பாலும் ஸ்டார்ச் மாவு. தூவுவது தாளுக்கு, போய்ச் சேருவது ஊருக்கெல்லாம். கம்ப்யூட்டர் பெட்டியோ உள்ளே ஃபேன் வைத்துக் காற்றை இழுக்கிற சாமான். டிரைவைத் திறந்தேன். லென்ஸ் புரை விழுந்த கண் மாதிரி வெளுத்திருந்தது.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். அதற்கு எங்கும் அலைய வேண்டாம், ஆஃப்செட் மெஷினுக்கு ஊற்றுகிற தண்ணீரில் அதைத்தான் கலக்கிறார்கள். கேனிலிருந்து ஒரு மூடி அளவு ஊற்றித் தந்தார்கள். காதுக்குப் போடுகிற பட்ஸை நனைத்தேன். அவசரம், கௌரவம், சுற்றி நின்று பார்க்கிற பத்துப் பேர். ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தேன். லென்ஸ் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் தொங்குகிற பொருள். 'டிக்' என்று ஒரு சத்தம், அண்ணாச்சி கற்றுக்கொடுத்த எந்த டிக்கிலும் சேராதது. லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து வேறு டிரைவை எடுத்து, பின்பக்க ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா ஸ்லேவில் இருக்கிறதா என்று பார்த்து மாற்றி, ஐடிஇ கேபிளைச் சொருகினார். டிஸ்க் எடுத்தது. வரிசையாக லட்சுமி, முருகன், குழந்தை, சூரியகாந்தித் தோட்டம். சர்வீஸ் சார்ஜ் 100 ரூபாயை அவர் வாங்கிக்கொள்ளவில்லை, டிரைவுக்கும் காசு கேட்கவில்லை. திரும்பும்போது வண்டியில் சொன்னார்: "கண்ணுல தூசி விழுந்தா ஊதுவாங்களா, கட்டை விரலால தேய்ப்பாங்களா?" அவ்வளவுதான். அந்த பிரஸ் முதலாளி அதன் பிறகு தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டரை ஒரு ஈரிழைத் துண்டால் போர்த்தி வைத்தார். அடுத்த மாதம் அது சூடேறி நின்றுபோனது வேறு கதை.

எல்லா நாளும் நான் தோற்றவன் அல்ல, ஒரு முறை ஜெயித்தேன். ஒரு ஸ்டுடியோக்காரர் மெஷின். டிரைவ் திடீரென்று மை கம்ப்யூட்டரிலிருந்தே காணாமல் போயிருந்தது. தட்டு வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது, மெஷின் கிளம்பும்போது கறுப்புத் திரையில் டிரைவின் பெயர்கூட ஓடுகிறது, விண்டோஸுக்குள் போனால் இல்லை. அண்ணாச்சி காதைக் கொடுத்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. கேபிளை மாற்றினார், டிரைவை மாற்றினார், மறுபடி மாற்றினார். நான் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி. சிடி எழுதுகிற மென்பொருள் ஒன்றை முந்தின நாள்தான் அழித்ததாக ஸ்டுடியோக்காரர் சொன்னார்.

அதுதான் விஷயம். அந்த மாதிரி மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவே தங்கள் ஆளை நிறுத்திவைக்கும். மென்பொருளை அழித்தால் ஆள் போய்விடுவான், ரிஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் அழியாமல் நிற்கும். விண்டோஸ் அட்டென்டன்ஸ் எடுக்கிறது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அவன் வராமல் மெஷினை ஓட்ட மாட்டேன் என்று முதலாளி பிரஸ்ஸையே பூட்டிவிடுகிற கதை. அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகள். இரண்டையும் அழித்து மெஷினை நிறுத்திக் கிளப்பினேன். டிரைவ் வந்துவிட்டது. அண்ணாச்சி திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே போடாத ரிப்பேரு," என்றார். அவர் அன்று முகம் வாடியதை நான் ரசித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு டிரைவ் வெடித்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. நடுவில் மெல்லிய வெடிப்பு இருந்த விசிடியை ஒரு பையன் 52 எக்ஸ் டிரைவில் போட்டான். அந்த வேகத்தில் டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றும். 'டமார்.' சிவகாசியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் அறைக்குள் தேட மாட்டார்கள், வாசலுக்கு ஓடி வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். புகை இல்லை என்று நிச்சயமான பிறகுதான் உள்ளே திரும்பி வந்து, டிரைவின் முன்பலகை பிளந்து கிடப்பதைப் பார்த்தோம்.

இப்போது ஹெட்மாஸ்டர் சார்.

அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. 2006 கோடையில் ஒரு மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கையில் ஒரு டிஸ்க், பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள். அவர் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதியிருக்கிறாராம். எந்த மடையில் எந்த வயல் பாய்ந்தது, யார் யார் மடைக்காரர்களாக இருந்தார்கள், எந்த வருடம் கரை உடைந்தது. பேரன் வீட்டில் இருந்தபோது அவன் கம்ப்யூட்டரில் டைப் செய்து, அவன் இதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு மெஷினோடு பெங்களூர் போய்விட்டான். "பிரிண்ட் எடுத்துக் குடுக்க முடியுமா, தம்பி?"

அண்ணாச்சி மதுரை போயிருந்தார். கடையில் நான்தான் ராஜா. மேஜையில் சோதனைக்கென்று ஒரு டிரைவ் எப்போதும் மூடி திறந்தே கிடக்கும். டிஸ்க்கைப் போட்டேன். டிக், டிக். மறுபடி டிக், டிக். சுற்று ஏறவில்லை. திரையில் அதே பெட்டி: டிஸ்க்கைப் போடவும். சந்தேகமில்லாமல் இருக்கட்டும் என்று முருகன் பாட்டு சிடியைப் போட்டேன். கணீரென்று பாடியது. ஆக டிரைவ் சரி. டிரைவ் சரி என்றால் டிஸ்க் தப்பு. பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி சுத்தமான முடிவு.

"டிஸ்க்ல ஒண்ணுமே இல்ல சார்," என்றேன்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல சார். உங்க பேரன் ஏத்தும்போது தப்பாயிருக்கும். எம்ப்டி டிஸ்க்."

அவர் வாதாடவில்லை. படித்த பையன் சொல்கிறான் என்ற மரியாதை அந்த முகத்தில் இருந்தது. அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. "அப்ப அது எதுக்கு, நீயே வச்சுக்கோ," என்று டிஸ்க்கை மேஜையில் விட்டு, உறையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பின்பக்க ஜன்னலில் புறா தொல்லை. அங்கே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய டிஸ்க்குகளோடு அதையும் சேர்த்துக் கட்டினேன்.

அடுத்த வருடம் அந்தச் சோதனை டிரைவ் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூட ஆரம்பித்தது. முதலில் சிடி-ஆர்களை மறுத்தது. பிறகு ஒரு நாள் முருகனையும் மறுத்தது. அண்ணாச்சி பழைய வைத்தியம் ஒன்றைச் செய்துபார்த்தார். லேசருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு பொடிக் குமிழ் உள்ளே இருக்கும். அதை மயிரிழை திருப்பினால் சாகப்போகிற லேசர் இன்னும் சில வாரம் எரியும். "இது சாகப்போறவனுக்கு ஊசி போடற மாதிரி. வாடிக்கைக்காரர் மெஷின்ல செய்யாத," என்று எச்சரித்துவிட்டுத் திருப்பினார். அந்தச் சில வாரமும் முடிந்து புது டிவிடி ரைட்டர் வாங்கினோம். இதில் லேசர் இரண்டு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு தனி, சிடிக்குத் தனி. 'டிவிடி எடுக்குது, சிடி எடுக்கலை' என்று வருகிறவர்களின் புதிர் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கண் போய் ஒரு கண் இருக்கும்.

புது டிரைவுக்குப் பிஸ்கட் டப்பாச் சோதனையை அண்ணாச்சி தானே செய்தார். மூன்றாவது டிஸ்க் வந்தபோது நான் கேட்டேன், இது எதற்கு என்று. மூன்று வருடம் கழித்துக் கேட்கிற கேள்வி. அவர் இரண்டு டிஸ்க்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பாட்டு சிடி கண்ணாடி; விழுகிற ஒளியில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் திருப்பியனுப்பும். ஆர்டபிள்யூ மங்கல், திரும்புவது 15 முதல் 25 தான். "வயசான கண்ணுக்கு நோட்டீஸ் எழுத்து தெரியும், மருந்துச் சீட்டு தெரியாது. நோட்டீஸைக் காட்டிக் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிருவியா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நூலில் ஐந்தாறு டிஸ்க் தொங்கியது. நாலைந்து கண்ணைப் பறித்தன. ஒன்று மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்து.

அறுத்து எடுத்தேன். ஒரு வருடத் தூசி. சிடி-ஆராக இருந்திருந்தால் அந்த ஜன்னல் வெயிலுக்கு அதன் சாயம் வெளுத்து எழுத்தெல்லாம் போயிருக்கும். ஆர்டபிள்யூவில் இருப்பது சாயம் அல்ல, உலோகக் கலவை, வெயிலுக்கு அசையாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டேன். க்ர்ர். டிக். ஸ்ஸ்ஸ். ஒரே ஒரு ஃபைல். திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள் கொட்டின. எந்த ஃபாண்டில் டைப் செய்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நான்காவது ஃபாண்டில் கண்மாய் தமிழில் எழுந்து வந்தது. அறுபத்திரண்டு பக்கம்.

அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீயே கொண்டு போய்க் குடு," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிஸ்க்கைப் புது உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சார் வீட்டுத் திண்ணையில் இருந்தார். என்னைத் தெரியவில்லை. சொன்ன பிறகும் உடனே நினைவு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், லேசர், ஒளி, எழுபது, இருபத்தைந்து என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் இரண்டு நீள நோட்டுகளைக் கொண்டுவந்தார். "மறுபடியும் எழுதிட்டேன், தம்பி. கையாலேயே. இதுல நடை இன்னும் நல்லா வந்திருக்கு." புரட்டிக் காட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத வாத்தியார் எழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும், வயல்களின் பெயர்ப் பட்டியலில், எண் போட்டுவிட்டு ஏழெட்டு வரி காலியாக விட்டிருந்தார்.

"அது மட்டும் ஞாபகம் வரலை. சொன்னவரு இப்ப யாரையும் அடையாளம் தெரியாத நிலைமையில இருக்காரு. அந்தப் பக்கம் இதுல இருக்குமா?"

"இருக்கு சார். நான் பாத்தேன்."

"வா, இங்கயே பாத்துருவோம்."

உள்ளறையில், பூத்துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர். மகன் வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றார். டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினேன். டிக், டிக். டிக், டிக். பெட்டி திறந்தது.

சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "ப்ளீஸ்... இன்ஸர்ட்... எ... டிஸ்க்." பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"அன்னைக்கும் இது இதையேதான் சொல்லிச்சு, தம்பி. அதனாலதான் உங்க கடைக்கு வந்தேன்."

மேஜைக்கடியில் குனிந்து பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன். நான்கு ஸ்குரூ. இரண்டு துருப்பிடித்திருந்தது.